ஊட்டியில் வேலை: எங்கே வாடகைக்குப் போவது? லீஸுக்கு 4 லட்சம் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 26, சொந்த ஊர் ராஜபாளையம். இதுவரை கோவையில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தேன். அடுத்த மாதம் முதல் ஊட்டி சேரிங்கிராஸில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பிடித்தம் போகக் கையில் 36,000 ரூபாய் வரும். கல்விக் கடன் பாக்கி 2.1 லட்சம், வட்டி 11%, மாதத் தவணை 5,200. வீட்டுக்கு 6,000 அனுப்புகிறேன். சேமிப்பு 4.5 லட்சம், அவ்வளவும் வங்கி டெபாசிட். மூன்று வீடு பார்த்திருக்கிறேன். ஊட்டி பிங்கர்போஸ்ட்டில் வாடகை 11,000, அட்வான்ஸ் 60,000. எல்லநள்ளியில் 7,500, அட்வான்ஸ் 22,500. குன்னூரில் தோழி வீட்டுப் பக்கத்தில் 4 லட்சம் கொடுத்தால் இரண்டு வருடத்துக்கு லீஸ், வாடகையே கிடையாது. அப்பா மேட்டுப்பாளையத்தில் தங்கி பஸ்ஸில் போய்வரச் சொல்கிறார். எது சரி? அதிக வாடகைக்கு ரசீது காட்டினால் வரி மிச்சமாகும் என்று அலுவலக நண்பர் சொல்கிறார், அது உண்மையா?

பதில்: மேட்டுப்பாளையம் வேண்டவே வேண்டாம். ஒரு வழிக்கே ஐம்பது கிலோமீட்டர் மலைச்சாலை. வடகிழக்குப் பருவமழையில் பர்லியார் பக்கம் ஒரு மரம் சாய்ந்தால் அன்றைக்கு லீவுதான். அப்பாவுக்குக் குளிர் பற்றிய கவலை என்று நினைக்கிறேன். ஒரு நல்ல ரஜாய் வாங்கி போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

குன்னூர் லீஸ்தான் உங்களை இழுக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. வெறும் கணக்காகப் பார்த்தால் அதுதான் ஜெயிக்கும், மறைக்க மாட்டேன். 4 லட்சத்துக்கு வங்கி 6.5% கொடுத்தால் வருடத்துக்கு 26,000, மாதத்துக்கு ஏறக்குறைய 2,200. அந்த வட்டியை விட்டுக்கொடுத்துவிட்டு, எட்டாயிரம் வாடகை பெறும் வீட்டில் இருக்கலாம். இதைவிட மலிவாக மலையில் யார் வீடு தருவார்கள்?

ஆனாலும் உங்களுக்கு அது ஆகாது. லீஸ் பணத்தை எந்த வீட்டுக்காரரும் பீரோவில் பூட்டி வைப்பதில்லை. முன்னால் இருந்தவருக்குத் திருப்பிக் கொடுத்திருப்பார், இல்லாவிட்டால் பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் கட்டியிருப்பார். நீங்கள் காலி செய்யும்போது அடுத்த ஆள் 4 லட்சத்தோடு வந்தால்தான் உங்கள் பணம் வெளியே வரும். "ஆள் வந்துட்டே இருக்காங்க, ரெண்டு மாசம் பொறுத்துக்கம்மா" என்பதைக் கேட்டுக்கொண்டு, இன்னொரு ஊரில் புது வீட்டுக்கு அட்வான்ஸ் தேடுகிறவர்கள் என்னிடம் வருகிறார்கள். பணம் மோசம் போகாது. வேண்டிய நேரத்தில் வராது, அவ்வளவுதான். கூடுதலாக நாலு லட்சம் கையில் இருப்பவருக்கு அது எரிச்சல். உங்களுக்கோ மொத்தச் சேமிப்பே அதுதான். புது வேலை வேறு. ஆறு மாதத்தில் பிடிக்காமல் போனாலும் அந்த வீட்டுக்காக ஒட்டிக்கொண்டிருப்பீர்கள். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால் கதையே வேறு. அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள், "பேங்க்ல இருக்கு" என்று பதில் வந்தால் அத்தோடு எழுந்து வந்துவிடலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வங்கியில் ஆறு, ஆறரை சதவீதத்துக்குப் பணத்தைப் போட்டுவிட்டு, இன்னொரு வங்கிக்கு 11% வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். முதல் வேலையாக அந்தக் கல்விக் கடனை மொத்தமாக அடையுங்கள். மாறும் வட்டிக் கடனாக இருந்தால் முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. 5,200 தவணையில் இன்னும் நாலு வருடத்துக்கு மேல் ஓடவேண்டிய கடன் அது. இப்போதே முடித்தால் இனிமேல் கட்டவேண்டிய வட்டியில் ஐம்பதாயிரத்துக்கு மேல் மிச்சம். லீஸ் எடுத்தால் மாதம் 7,500 வாடகை மிச்சம். கடனை அடைத்தால் 5,200 தவணை மிச்சம். வித்தியாசம் 2,300தான். அந்த 2,300க்குப் பதிலாக, அட்வான்ஸ் கொடுத்த பிறகும் இரண்டு லட்சத்துக்கு மேல் உங்கள் பெயரிலேயே நிற்கும். அவசரத்துக்கு யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம்.

சரி, பிங்கர்போஸ்ட்டா எல்லநள்ளியா? வாடகையில் வித்தியாசம் 3,500. எல்லநள்ளி ஊட்டி–குன்னூர் மெயின் ரோட்டிலேயே இருக்கிறது, பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. மகளிர் கட்டணமில்லாப் பயணம் 2024-இல் மலைப்பகுதிக்கும் வந்தது. எல்லா பஸ்ஸுக்கும் அது பொருந்தாது. காசு கொடுத்தே போய்வருவதாக வைத்து மாதம் 1,200 ஒதுக்குங்கள். மாதக் கடைசியில் கணக்கு முடிக்க நேரமாகும் நாட்களில் ஆட்டோ பிடிக்க இன்னொரு ஆயிரம். ஆக உண்மையான வித்தியாசம் 1,300க்கு வந்துவிடுகிறது. இந்த ஆயிரத்துச் சொச்சத்துக்காக மட்டும் எல்லநள்ளிக்குப் போங்கள் என்று சொல்ல மாட்டேன்.

பிங்கர்போஸ்ட் வீட்டில் எனக்கு உறுத்துவது அட்வான்ஸ். 60,000 என்பது ஐந்து மாத வாடகைக்கும் மேல். 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைதான் வரம்பு. கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த வரம்பு உங்களுக்கு உதவாது என்பதையும் கவனியுங்கள். இன்னொன்றையும் ஊட்டி டவுனில் வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும்: சீசனில் வீடு எனக்குத்தானா? ஏப்ரல், மே மாதங்களில் ஒரு நாளைக்கு டூரிஸ்ட் கொடுக்கும் காசைப் பார்த்தபின், "மே மாசம் மட்டும் ஊருக்குப் போயிட்டு வந்துருங்களேன்" என்று நைசாக ஆரம்பிக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. அட்வான்ஸை 33,000க்கு இறக்கி, சீசனிலும் வீடு உங்களுடையதுதான் என்று எழுதித் தந்தால் பிங்கர்போஸ்ட் மோசமில்லை. அலுவலகம் பக்கம், ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பினாலும் பயமில்லை.

அவர் இறங்காவிட்டால் எல்லநள்ளி. என் மனது அந்தப் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் வீட்டை நேரில் இப்படிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மெயின் ரோட்டிலிருந்து எத்தனை நிமிட நடை? கேத்திப் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் வீடாக இருந்தால் விடுங்கள். மழையிலும் மஞ்சிலும் இருட்டியபின் தனியாக இறங்க முடியாது, காட்டுமாடு வழியில் நின்றால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். வீட்டுப் பின்சுவர் மண்மேட்டில் ஒட்டியிருக்கிறதா என்று சுற்றிப் போய்ப் பாருங்கள். அப்படி இருந்தால் அந்தச் சுவர் வருடம் முழுக்க ஈரம் விடும். உள்ளே போனதும் பீரோ கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை நெடி அடித்தால் உங்கள் பட்டுப்புடவை, சர்டிஃபிகேட் எல்லாம் அதே நெடி அடிக்கும். புதுப் பெயின்ட் இதை மூன்று மாதம் மறைக்கும், பீரோ மறைக்காது. மேலே செங்குத்தாக வெட்டிய மண்சரிவு, தடுப்புச் சுவர் இல்லாத இடம் என்றால் வாடகை பாதியானாலும் வேண்டாம். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர் பகுதிகளில் நாற்பது பேருக்கு மேல் இறந்தது இப்படிப்பட்ட சரிவுகளில்தான். படிக்கட்டு எவ்வளவு என்பதையும் எண்ணிவிடுங்கள், சிலிண்டர் கொண்டுவருபவர் எண்ணித்தான் காசு கேட்பார்.

சீசன் நெரிசலில் எல்லநள்ளிக்காரர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. அப்போது மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏறவிட்டுக் கோத்தகிரி வழியாக இறக்குவார்கள். நீங்கள் காலையில் ஊட்டிக்குப் போகும் திசையும் அதேதான். அந்த இரண்டு மாதம் முக்கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும் என்று இப்போதே மேனேஜரிடம் சொல்லி வையுங்கள். மலை ரயில் கேத்தியில் நிற்கும், அழகாகவும் இருக்கும். அலுவலகம் போக அதை நம்பாதீர்கள்.

கீழ்நாட்டிலிருந்து வருபவர்கள் கணக்கில் விட்டுவிடுவது கரண்ட் பில். டிசம்பர், ஜனவரி உறைபனியில் 2,000 வாட்ஸ் ரூம் ஹீட்டரை ராத்திரி மூன்று மணி நேரம் போட்டால் ஆறு யூனிட்; இரண்டு மாதத்துக்கு 360. கீசர் சேர்ந்தால் 500ஐத் தொட்டுவிடும். 500ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விகிதம் ஏறும். வீட்டுக்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கு. வீட்டுக்காரர் இணைப்பிலிருந்து சப்மீட்டர் என்றால் அந்தச் சலுகை அவருக்கு, அவர் சொல்லும் ரேட்டு உங்களுக்கு. வாடகையில் ஐநூறு குறைப்பதைவிட இது பெரிய விஷயம்.

எல்லநள்ளி வாடகை 7,500, வீட்டுக்கு 6,000 போக 22,500 கையில் நிற்கும். சாப்பாடு, பஸ், கரண்ட், போன் எல்லாம் 12,000க்குள் அடங்கினால் மாதம் பத்தாயிரம் சேரும். கடனுக்குக் கட்டிவந்த 5,200ஐ முதல் மாதத்திலிருந்தே ரெக்கரிங் டெபாசிட்டுக்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் அது சேரிங்கிராஸ் சாக்லேட் கடையில் கரையும்.

நண்பர் சொன்ன ரசீது வேலை தேவையே இல்லை. புதிய வரி முறையில் வாடகைப்படிக்கு விலக்கு கிடையாது. அதே முறையில் உங்கள் சம்பளத்துக்கு வரியும் கிடையாது. இல்லாத வரியை மிச்சப்படுத்தப் பொய் ரசீது எதற்கு?

எந்த வீடானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதினொரு மாதம்தானே என்று தட்டிக்கழிப்பார்கள். சட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள். கையெழுத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு அம்மாவிடம், வீட்டுக்காரர் கூட இல்லாத நேரமாகப் பார்த்து, குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று கேட்டுவிடுங்கள்.