ஒட்டுப்போட்ட படிகம் வாங்கலாமா? கேள்வி பதில்

கேள்வி (மதுரை): மோதிரக் கல்லுக்குப் பதில் பட்டை தீட்டாத படிகமாகவே சேர்க்க ஆசை. எதில் தொடங்கலாம்?

பதில்: அக்வாமரைன் என்ற வெளிர்நீலக் கல்லில் தொடங்குங்கள். பாகிஸ்தானின் ஷிகார் பள்ளத்தாக்கிலிருந்து நிறைய வருகிறது. பத்து வரை போகும் மோஸ் அளவில் கடினம் 7.5 முதல் 8 வரை, சட்டென்று கீறாது. முதலில் படிகத்தின் தலையை, அதாவது அது வளர்ந்து முடியும் முனையைப் பாருங்கள், நிறமெல்லாம் அப்புறம்தான். பத்து மடங்கு லென்ஸில் விளிம்பைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வாருங்கள். சில்லு போன இடம் வழவழவென்று வளைந்து மினுங்கும். தானாக வளர்ந்த முகம் தட்டையாக இருக்கும், பல நேரம் மெல்லிய கோடுகளும் சின்னக் குழிகளும் தெரியும். எந்தச் சுரங்கம், எந்த ஊர் என்று எழுதிய சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (சென்னை): போட்டோ அனுப்பியிருக்கிறேன். ஒரிஜினலா? என்ன விலை போகும்?

பதில்: போட்டோவை வைத்துச் சொல்ல முடியாது. ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டு போங்கள்.

கேள்வி (திருச்சி): இளஞ்சிவப்புக் குன்சைட்டை ஜன்னலோரம் வைக்கலாமா?

பதில்: கூடாது, வெளுத்துவிடும். அலமாரிக்குள் வையுங்கள். அமெதிஸ்ட்டும் வெயிலில் மெல்ல வெளுக்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பழுப்புப் புஷ்பராகமும் வெயிலில் வேகமாக நிறம் இழக்கும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): இரத்தினபுரி நீலக்கல்லில் கூர்மையான விளிம்புள்ள படிகம் கிடைப்பது ஏன் அரிதாக இருக்கிறது?

பதில்: நல்ல கேள்வி. அங்கே கல் பெரும்பாலும் இல்லம் என்கிற சரளைப் படிவிலிருந்துதான் வருகிறது. ஆறு உருட்டி உருட்டி மூலைகளைத் தேய்த்துவிடும். இரண்டு பக்கமும் கூம்பாக முடிந்து, முனை மழுங்காத நீலம் கிடைத்தால் தயவுசெய்து பட்டை தீட்டக் கொடுத்துவிடாதீர்கள். வந்த இடத்தைச் சீட்டில் எழுதி வையுங்கள்.

கேள்வி (சேலம்): துருக்கறை போக ஆசிட்டில் ஊறப்போடலாமா?

பதில்: வெறும் குவார்ட்ஸ் என்றால் ஆக்ஸாலிக் அமிலம் போதும். அது விஷம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கொலம்பியாவின் முசோ மரகதம் பல நேரம் கால்சைட்டில் உட்கார்ந்திருக்கும். அதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் அடிப்பாறையே கரைந்துபோகும்.

கேள்வி (கோவை): போட்டோ இணைத்திருக்கிறேன், ஒரிஜினலா?

பதில்: சென்னைக்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (பெங்களூரு): வெள்ளைச் சலவைக்கல்லில் பதிந்த மியான்மரின் மொகோக் கெம்பு வாங்கினேன். கல்லைச் சுற்றிக் கோடு மாதிரி தெரிகிறது.

பதில்: சந்தேகப்பட வேண்டிய கோடுதான். பாறையில் குழி தோண்டிக் கெம்பை வைத்து, சலவைக்கல் பொடியும் பசையும் கலந்து பூசுவது பழைய வேலை. இருட்டில் புற ஊதா டார்ச் அடியுங்கள். மொகோக் கெம்பு சிவப்பாக ஒளிரும். அதைச் சுற்றி நீலவெள்ளை வளையம் தெரிந்தால் அனேகமாகப் பசைதான்.

கேள்வி (சிங்கப்பூர்): அப்படியானால் பசை பட்டதெல்லாம் போலிதானே?

பதில்: இல்லை. 1978-ல் பிரேசிலின் ஜோனாஸ் சுரங்கத்தில் கிடைத்த சிவப்பு டூர்மலின்களில் பல, உடைந்த துண்டுகளைப் பொருத்தி ஒட்டியவை. உலகப் புகழ் பெற்ற படிகங்கள் அவை. முறிந்த இடத்திலேயே அதே துண்டைச் சேர்ப்பது பழுதுபார்ப்பு. எங்கோ கிடைத்த படிகத்தை வேறொரு பாறையில் நட்டுவைப்பது மோசடி.

கேள்வி (அதே சிங்கப்பூர்): வியாபாரிகளுக்கு வசதியான விளக்கம். விலை மட்டும் முழு விலையா?

பதில்: முழு விலை யார் கொடுக்கச் சொன்னது? ஒட்டு இருந்தால் விலை குறைய வேண்டும், கனிமத்தைப் பொறுத்து. பெக்மடைட் என்கிற பெரும்படிகப் பாறையின் குழிக்குள் நீண்ட டூர்மலின் பல நேரம் வெளியே எடுக்கும் முன்பே முறிந்து கிடக்கும். அதனால் அதில் ஒட்டைச் சேகரிப்பாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள். சாதாரணக் குவார்ட்ஸில் பொறுக்க மாட்டார்கள். காணாமல் போன முனையைப் பிசினால் வார்த்துச் சேர்த்திருந்தால் அது வேறு கணக்கு, இன்னும் குறைக்க வேண்டும். எதுவானாலும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘வாய்ச்சொல் போதாதா சார்’ என்பவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி (ஈரோடு): எந்த ராசிக்கு எந்தப் படிகம்?

பதில்: ஜோசியரைக் கேளுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): ஒரு போட்டோ அனுப்பலாமா?

பதில்: சீட்டையும் சேர்த்துப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஒரிஜினலா என்று மட்டும் கேட்காதீர்கள்.