சென்னை–டெல்லி விமானம்: எந்த நேரத்தை நம்புவது?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. ஜனவரியில் அவரை டெல்லியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். தூரம் காட்டும் ஓர் இணையதளத்தில் 1,760 கி.மீ., 2 மணி 10 நிமிடம் என்று இருக்கிறது. நேரடி விமானத்தின் டிக்கெட்டிலோ 2 மணி 55 நிமிடம். எது சரி? ஹைதராபாத்தில் மாறிப் போனால் ஆளுக்கு 1,300 ரூபாய் மிச்சம். ஆனால் மொத்தம் ஆறேகால் மணி நேரம். எடுக்கலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: டிக்கெட்டில் உள்ள நேரத்தையே நம்புங்கள்.

1,760 கி.மீ. என்பது நேர்க்கோட்டில் அளந்த தூரம். ரயிலில் போனால் இதே பயணம் ஏறக்குறைய 2,180 கி.மீ. அந்த நேர்த்தூரத்தை மணிக்கு 800 சொச்சம் கி.மீ. வேகத்தால் வகுத்துத்தான் இணையதளம் நேரத்தைப் போட்டிருக்கிறது. விமானம் அந்த வேகத்தில் பறப்பது உயரே போன பிறகுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, பாதையும் நேர்க்கோடு அல்ல. டிக்கெட் நேரம் சென்னையில் விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, டெல்லியில் போய் நிற்பதில் முடிகிறது. ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருப்பது, டெல்லியில் இறங்கியபின் கால் மணி நேரம் ஊர்ந்து போவது எல்லாம் இதற்குள் அடங்கும். இதை 'பிளாக் டைம்' என்பார்கள்.

இந்தக் கணக்கில் உங்கள் உரிமையும் இருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, பிளாக் டைம் இரண்டரை மணி வரை உள்ள விமானம் 2 மணி நேரம் தாமதமானாலே உணவு தர வேண்டும். உங்களுடையது இரண்டரையைத் தாண்டுவதால் 3 மணி நேரத் தாமதத்துக்குப் பிறகுதான் கேட்க முடியும். முறையாக முன்கூட்டித் தெரிவிக்காமல் ரத்து செய்தால், 2 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு இழப்பீடு 10,000 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. மூடுபனி போன்ற காரணத்தால் ரத்தானால் இந்த இழப்பீடு கிடையாது. ஜனவரி டெல்லியில் அதுதான் பெரிய கவலை.

அதனால், அதிகாலையிலோ நள்ளிரவிலோ டெல்லி சேரும் விமானத்தைத் தவிருங்கள். பனி அப்போதுதான் அடர்த்தி. நண்பகலுக்குப் பிறகு போய்ச் சேருவதாக எடுங்கள். காலையில் தடைபட்ட விமானங்களால் கொஞ்சம் தாமதம் வரலாம், ஆனாலும் இதுவே நல்லது.

மாறிப் போகும் டிக்கெட்டை நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். 74 வயதுப் பெரியவரை இரண்டு முறை ஏற்றி இறக்கி, நடுவில் சக்கர நாற்காலிக்காகக் காத்திருக்க வைக்கும் சிரமத்துக்கு 1,300 ரூபாய் ஈடாகாது. இளவயதில் தனியாகப் போகிறவர் என்றால் எடுக்கலாம், இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆர்.-இல் இருந்தால் மட்டும். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் அந்தப் பணம் போனதுதான். பெட்டியையும் ஹைதராபாத்தில் எடுத்து மறுபடி கவுன்டரில் போட வேண்டியிருக்கும்.

சக்கர நாற்காலி வேண்டும் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே, தவறினால் பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது பதிவு செய்துவிடுங்கள். டெல்லியில் எந்த டெர்மினல் என்று பார்த்து அண்ணனிடம் சொல்லுங்கள். முதல் டெர்மினலுக்கும் மூன்றாவதுக்கும் இடையே பல கிலோமீட்டர் இருக்கிறது.