மகாவலி வில்லுகள் ஏன் காய்கின்றன? கேள்வி பதில்

சோமாவதி தேசியப் பூங்காவிலிருந்து மூதூர், வெருகல் வரை மகாவலி ஆற்றோரம் கிடக்கும் வில்லுகளை, அதாவது ஆற்று வெள்ளம் ஏறி இறங்கும் பள்ளங்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

சேருநுவரயிலிருந்து: ஐயா, வில்லுக்கும் ஒரு அணைக்கட்டைப் போட்டுத் தண்ணீரைத் தேக்கினால் என்ன?

வேண்டாம் தம்பி. குளத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். வில்லில் ஏறி இறங்க வேண்டும். மாரியில் மகாவலி கரைமீறிப் பள்ளத்துக்குள் பாயும்போது வண்டலும் மீன்குஞ்சும் சேர்ந்து வரும். கோடையில் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, ஈர ஓரத்தில் புல் முளைக்கும். காடு காய்ந்து கிடக்கும் மாதங்களில் யானைக்கு அந்தப் புல்தான் சாப்பாடு. வருடம் முழுக்கத் தண்ணீர் நின்றால் புல் அழுகிவிடும், பன்னும் நீர்க்களையும் இடத்தைப் பிடித்துவிடும்.

கிண்ணியாவிலிருந்து: வெள்ளம் வீட்டுக்குள் வருகிறது, வில்லில் மட்டும் தண்ணீர் இல்லை என்கிறீர்கள். அது எப்படி?

நல்ல கேள்வி. இதற்கு இரண்டு காரணம். 1976இல் பொல்கொல்லையில் ஆற்றைத் திருப்பினார்கள், 1985இல் விக்டோரியா அணை வந்தது, அப்புறம் இன்னும் சில நீர்த்தேக்கங்கள். வருடா வருடம் வந்துபோன சின்ன, நடுத்தர வெள்ளங்களை இவை மேலேயே பிடித்துக்கொள்கின்றன. வில்லுகளை வாழவைத்தது அந்த வெள்ளங்கள்தான். நீர்த்தேக்கம் நிரம்பிக் கதவு திறக்கும் வருடத்தில் மட்டும் எல்லாம் ஒரேயடியாக வரும். அது ஊரையும் வயலையும் அடித்துவிட்டுப் போகிறது.

இரண்டாவது, மண். ஆற்றுப்படுக்கையிலிருந்து மணலை அள்ள அள்ளப் படுக்கை கீழே இறங்கும். முன்பு கரையைத் தாண்டிய அதே அளவு தண்ணீர், இப்போது தாழ்ந்த ஆற்றுக்குள்ளேயே ஓடிக் கொட்டியாரக் குடாவில் விழுந்துவிடும். வில்லுக்குப் போகும் வழி அப்படியே இருக்கிறது, தண்ணீர்தான் அந்த உயரத்துக்கு ஏறுவதில்லை. பக்கத்து நிலத்தடி நீரும் ஆற்றோடு சேர்ந்து இறங்கும். முகத்துவாரப் பக்கம் கடல்நீர் ஆற்றுக்குள் இன்னும் மேலே ஏறும்.

மூதூரிலிருந்து: மண் ஏற்றித்தான் சாப்பிடுகிறோம். அனுமதிப்பத்திரமும் இருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?

உங்கள் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. அனுமதிப்பத்திரத்தில் இடமும் அளவும் இருக்கும். கரையை வெட்டாமல் அந்த அளவோடு நிறுத்துகிறவரை நான் எதிர்க்கவில்லை. ஒரே பத்திரத்தைக் காட்டி இரவில் ஓடும் டிப்பர்களைத்தான் எதிர்க்கிறேன். கரையோரக் கிணறு உவர்த்தால் முதலில் அழப்போவதும் மூதூர் ஆட்கள்தான்.

வெருகலிலிருந்து: சரணாலயம் என்று போர்டு இருக்கிறது, உள்ளே வயலும் இருக்கிறதே?

தேசியப் பூங்கா வேறு, சரணாலயம் வேறு. சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், பயிரும் செய்யலாம். சேருவில அல்லை 1970இல் சரணாலயமானது. பழைய வயல் இருப்பது பிரச்சினையே இல்லை. வில்லின் ஓரத்தை நிரப்பிப் புதிதாக வரம்பு போடுவதுதான் பிரச்சினை.

தம்பலகாமத்திலிருந்து: சல்வீனியா என்ற மிதக்கும் நீர்க்களையை ஒவ்வொரு வருடமும் அள்ளுகிறோம், திரும்ப வருகிறது.

அள்ளி எங்கே போடுகிறீர்கள்? கரையில் குவித்தால் அடுத்த மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். உடைந்த ஒரு துண்டே போதும், பெருகிவிடும். நீரிலிருந்து தூரமாகக் கொண்டுபோய்க் காயவிடுங்கள்.

அள்ளுவதற்கு முன் ஒரு செடியை எடுத்து நடுக்குருத்தைப் பிரித்துப் பாருங்கள். குருத்து கருகி, தண்டு பழுப்பாகித் துளைபட்டிருந்தால் உள்ளே வண்டு வேலை செய்கிறது. இரண்டு மில்லிமீட்டர் அளவில் கறுப்பாக இருக்கும். இந்தக் களைக்கென்றே 1980களில் இலங்கையில் விட்ட வண்டு அது. அப்படிப்பட்ட இடத்தில் கொஞ்சம் செடியை விட்டுவையுங்கள். எல்லாவற்றையும் அள்ளினால் வண்டும் போய்விடும், களை மட்டும் தனியே திரும்பி வரும். வயலிலிருந்து உரம் கலந்த தண்ணீர் வரும்வரை அது கொழுக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஈச்சிலம்பற்றிலிருந்து: எங்கள் பட்டி மாடுகளால்தான் வில்லு அழிகிறதாம்?

அளவான மேய்ச்சலால் வில்லு அழியாது. புல் கட்டையாக இருந்தால் பறவைக்கும் நல்லது. ஆனால் வெளியே இருந்த மேய்ச்சல் தரை வயலாகிவிட்டதால், எல்லாப் பட்டியும் கோடையில் ஒரே ஈர ஓரத்துக்கு வந்து நெருக்குகிறது. மேய்ச்சல் தரையைப் பிரதேச செயலகத்தில் எல்லை போட்டுக் கேளுங்கள். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

திருகோணமலை நகரிலிருந்து, ஒரு மாணவி: எங்களால் என்ன முடியும்?

பிள்ளை, ஒரு வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, அதே மரத்தடியில் நின்று, அதே திசையில் ஒரு படம். தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று திகதியோடு குறியுங்கள். ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகளையும் சேர்த்து எண்ணுங்கள். பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் போக வேண்டாம், வெளியே இருப்பதே போதும். யாராவது நிரப்பினால், தங்கூசி (நைலோன் இழை) வலை போட்டால், வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். கூட்டத்தில் அதிகாரி ஆதாரம் கேட்கும்போது, இரண்டு வருடப் படங்களை மேசையில் வைக்கலாம்.