கேள்வி-பதில்: வீட்டுக் கிணறும் நகரக் குடிநீரும்

கே: 1,000 சதுர அடி மொட்டைமாடியில் எவ்வளவு மழைநீர் கிடைக்கும்? (மயிலாடுதுறை)

ப: ஆண்டு மழையை 1,000 மி.மீ. என்று கொண்டால் 90,000 லிட்டர் விழும். சேதாரம் போக 70,000 லிட்டர் தேறும். பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடுவதால், புரட்டாசிக்குள் மாடியைக் கழுவி, வடிகட்டியின் மணலை மாற்றிவிடுங்கள்.

கே: தெருக்குழாயில் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் பொருத்தலாமா? (கும்பகோணம்)

ப: கூடாது. மோட்டார் உறிஞ்சும்போது குழாய் விரிசல்கள் வழியே சாக்கடை நீரும் உள்ளே இழுக்கப்படும்; அதைக் குடிப்பது உங்கள் வீடு மட்டும் அன்று, தெரு முழுவதும்.

கே: போர் தண்ணீர் உப்பாகிவிட்டது. இன்னும் ஆழப்படுத்தலாமா? (நாகப்பட்டினம்)

ப: போர் எத்தனை அடி, கடல் எவ்வளவு தொலைவு, எந்த மாதம் முதல் கரிக்கிறது என்று எதையுமே நீங்கள் எழுதவில்லை. அளவு இல்லாத கேள்விக்குப் பொதுவான விடையே தர முடியும். கடலோர மேல்மணலில் நன்னீர் உப்புநீரின் மீது மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் நன்னீர் ஓர் அடி குறைந்தால், கீழே உப்பு ஏறக்குறைய 40 அடி மேலேறும். ஆழப்படுத்தாதீர்கள், இறைப்பைக் குறைத்து, மழைநீரை அந்த மணலில் இறக்குங்கள்.

கே: எங்கள் நகரில் குடிநீர்ப் பற்றாக்குறை. கொள்ளிடத்தில் இன்னொரு கிணறு கேட்டு மனுக் கொடுக்கவிருக்கிறோம். எவ்வளவு கேட்கலாம்? (தஞ்சாவூர்)

ப: இப்போது வருவது எவ்வளவு, வீடுகளுக்குச் சேர்வது எவ்வளவு என்று அளந்தீர்களா? பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வரையறை. அதை மக்கள்தொகையால் பெருக்கி, பற்றாக்குறை என்று எழுதி அனுப்பும் மனுக்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருந்துகிறேன். வழியில் ஒழுகுவதை அந்தக் கணக்கு காட்டாது. ஒரு மேல்நிலைத் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னிரவு 2 மணிக்கு ஏற்றும் குழாயை மூடி, ஒரு பகுதிக்கு மட்டும் வால்வைத் திறந்து, குழாய்கள் நிரம்பிய பின் இரண்டு மணி நேரம் தொட்டியின் மட்டத்தைக் குறித்து வாருங்கள். வீட்டுத் தொட்டிகளின் மிதவை வால்வுகளும் மூடியிருக்கும் அந்த நேரத்தில் இறங்குவது பெரும்பாலும் ஒழுக்கே. 10 லட்சம் லிட்டர் பிடிக்கும், 4 மீட்டர் உயரத் தொட்டியில் 20 செ.மீ. இறங்கினால் 50,000 லிட்டர் போயிற்று. நாளுக்கு நான்கு மணி நேரம் வழங்கினால் ஒரு லட்சம் லிட்டர், அதாவது 700 பேருக்கு மேற்பட்டோரின் பங்கு. இழப்பு 15 முதல் 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் புதுக்கிணறு வெட்டினால், அந்த நீரும் அதே விரிசல்களில் போகும். முதலில் அளந்து எழுதுங்கள். பிறகு மனுவை நானே திருத்தித் தருகிறேன்.

கே: கோயில் குளம் நிரம்பினால் தெருக்கிணறுகள் ஊறுமா? (மன்னார்குடி)

ப: ஊறும், அடிமண்ணில் சிமெண்டு பூசாதிருந்தால். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே வரத்து வாய்க்காலைத் தூர்வாரி, குளத்தில் அளவுகோல் ஒன்றை நட்டு வையுங்கள்.