மூன்று ஐடி வருகிறது, எதை வைத்துக்கொள்வது?

கேள்வி: எங்கள் விசென்டரில், அதாவது விஎம்வேரின் நிர்வாக சர்வரில், உள்ள எல்லா விர்ச்சுவல் மெஷின்களின் (மென்பொருளால் ஆன கணினிகளின்) ஐடியையும் எடுத்து ஒரு டேட்டாபேஸில் போடச் சொல்லியிருக்கிறார்கள். பைதானில், விசென்டரோடு பேச உதவும் பைவிமோமி லைப்ரரியை வைத்து எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ‘விஎம்-412’ மாதிரி ஒன்றும், நீளமான யூயூஐடி (தனித்த அடையாள எண்) இரண்டும் வருகின்றன. எதைச் சேமிப்பது? தவிர, ஸ்கிரிப்ட் ஆமை வேகத்தில் ஓடுகிறது.

பதில்: விஎம்-412 என்பது அந்த விசென்டர் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட டோக்கன் எண். மெஷினை இன்வென்டரியிலிருந்து நீக்கி மறுபடி சேர்த்தால் வேறு எண் வந்துவிடும். இன்னொரு விசென்டரில் வேறொரு மெஷினுக்கு இதே எண் இருக்கலாம். ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்துக்குப் போதும், டேட்டாபேஸுக்கு ஆகாது.

யூயூஐடிகளில் ஒன்று பயாஸ் யூயூஐடி. மெஷினின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் பகுதியில் வெறும் ‘யூயூஐடி’ என்று இருக்கும். உள்ளே ஓடும் லினக்ஸோ விண்டோஸோ பார்ப்பது இதைத்தான். யாராவது ஃபைல்களைக் கையால் நகலெடுத்து, முதல்முறை இயக்கும்போது வரும் கேள்விக்கு ‘நகர்த்தினேன்’ என்று சொல்லிவிட்டால் இரண்டு மெஷினுக்கும் ஒரே யூயூஐடி. அடுத்தது இன்ஸ்டன்ஸ் யூயூஐடி. பயாஸ் எண் ஒன்றாகவே இருந்தாலும் பிரித்தறிய விசென்டர் வைத்திருப்பது இது. நானாக இருந்தால் இதைத்தான் டேட்டாபேஸில் ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியாக வைப்பேன். பயாஸ் எண்ணைப் பக்கத்து நெடுவரிசையில் போடுங்கள். மெஷினுக்கு உள்ளிருந்து வரும் தகவலோடு பொருத்திப் பார்க்க அது வேண்டும்.

திரும்பத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். விசென்டரின் தேடல் வசதியான சர்ச் இண்டெக்ஸில் உள்ள ‘ஃபைண்ட் பை யூயூஐடி’ கட்டளை, எதுவும் சொல்லாவிட்டால் பயாஸ் எண்ணைத்தான் தேடும். கடைசி ஆர்க்யுமென்டை ட்ரூ என்று கொடுத்தால்தான் இன்ஸ்டன்ஸ் எண்ணைப் பார்க்கும். அப்படிக் கொடுக்காமல், மெஷினே இல்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

சரி, வேகம். லூப்புக்குள் ஒவ்வொரு மெஷினிடமும் கான்ஃபிக்கைக் கேட்டால், ஒவ்வொரு முறையும் சர்வருக்குப் போய்த்தான் வருகிறது. அதுவும் டிஸ்க், நெட்வொர்க் அட்டை என்று மொத்த மூட்டையையும் தூக்கிக்கொண்டு. கேட்ட விவரங்களை மட்டும் திரட்டித் தரும் ப்ராப்பர்ட்டி கலெக்டரிடம் பெயர், இரண்டு யூயூஐடி, இந்த மூன்று மட்டும் வேண்டும் என்று சொல்லி, எல்லா மெஷின்களின் பட்டியலாக இருக்கும் கன்டெய்னர் வியூவைக் கொடுங்கள். எல்லா மெஷின்களுக்கும் மொத்தமாக வந்துவிடும். எழுதுவது கொஞ்சம் எரிச்சலான வேலைதான், ஆனால் ஒருமுறை எழுதினால் போதும். வேலை முடிந்ததும் வியூவை அழித்துவிடுங்கள்.

கேள்வி: பெயரை வைத்தே தேடினால் என்ன?

பதில்: வேறு வேறு ஃபோல்டர்களில் ஒரே பெயர் இருக்கலாம், யாரும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பெயரில் சாய்கோடு இருந்தால் அது ‘%2எஃப்’ என்று வந்து நிற்கும். அப்புறம், ஸ்டோரேஜ் துண்டிக்கப்பட்ட மெஷின்களுக்குக் கான்ஃபிக்கே காலியாக வரலாம். அதைச் சோதிக்காமல் யூயூஐடியைக் கேட்டால் ஸ்கிரிப்ட் பாதியில் விழுந்துவிடும்.