பெரிய அரசு நிறுவனம் ஒன்றில் பல பிரிவுகளின் தொழில்நுட்பத் திட்டங்களை ஒருங்கிணைப்பது எப்படி?

ஒவ்வொரு பிரிவும் தன் விருப்பப்படி மென்பொருள் வாங்குகிறது, ஒருங்கிணைப்புக் குழு அமைத்து மாதந்தோறும் கூடியும் பலனில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

குழுவால் பலனில்லை என்பதில் எனக்கு வியப்பே இல்லை. இப்படியொரு நிறுவனத்தின் தொழில்நுட்பத் திட்டப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். குழு கூடுவதற்கு முன்பே எல்லாம் முடிவாகியிருக்கும். என்ன வாங்குவது என்று பிரிவுத் தலைவர் தீர்மானித்திருப்பார், நிதிப் பிரிவு ஒதுக்கீட்டுக்குத் தலையசைத்திருக்கும், டெண்டர் ஆவணமும் தயாராக இருக்கும். குழுவின் மேசைக்கு வருவது 'தகவலுக்காக' என்று குறிப்பிட்ட ஒரு கோப்பு மட்டுமே. 'விவாதிக்கப்பட்டது' என்று கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டுக் கலைந்துபோவோம்.

எனவே குழுவில் யார் யார் என்பதை விட்டுவிடுங்கள். பணம் ஒதுக்கும் கோப்பு எந்தெந்த மேசைகளைத் தாண்டிப் போகிறது, அதில் திட்டப் பிரிவின் கையெழுத்து எங்கே கட்டாயம் என்று பாருங்கள். அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய அரசு அமைப்புகள் ஒவ்வொன்றிலும் தலைமைத் தகவல் அதிகாரி என்ற பதவியைக் கொண்டுவந்தது. பதவி வந்தது, பணம் பெரும்பாலும் பிரிவுகளின் கையிலேயே இருந்தது. அந்த அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் போடக் கூடாது, பட்ஜெட் கோரிக்கையிலும் அவருக்குப் பங்கு உண்டு என்று சொல்ல 2014-இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. நாற்காலிக்கும் அதிகாரத்துக்கும் இடையே 18 ஆண்டுகள்!

அடுத்தது காலம். பட்ஜெட் கோரிக்கைகள் வந்து குவிந்த பிறகு திட்டமிட உட்கார்ந்தால், கருத்துச் சொல்லலாம். எதையும் மாற்ற முடியாது. நிதிப் பிரிவின் சுற்றறிக்கை போவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பே, ஒவ்வொரு பிரிவிடமும் ஒரே ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள்: எந்த வேலை திணறுகிறது, யாரிடமுள்ள தரவு வேண்டும், இப்போதைய ஒப்பந்தங்கள் என்றைக்கு முடிகின்றன. இவற்றில் கடைசிக் கேள்விதான் பொன். இரண்டு பிரிவுகளின் ஒரே மாதிரியான ஒப்பந்தங்கள் ஒரே ஆண்டில் முடிந்தால், யார் மனமும் நோகாமல் ஒன்றாக வாங்கலாம். அந்த ஆண்டைத் தவறவிட்டால் அடுத்த ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நிதியாண்டின் கடைசி மாதத்தில் மீதிப் பணத்தைத் தீர்க்க அவசரமாக வாங்கிய சர்வர்கள் அட்டைப்பெட்டி பிரிக்காமலே கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கும் முறையான கோப்பு உண்டு, எல்லா ஒப்புதலும் உண்டு.

உண்மையான சண்டை தரவில்தான் வரும். ஒருமுறை மூன்று பிரிவுகளின் பயனாளிப் பட்டியல்களை அச்சிட்டு மேசையில் பக்கம் பக்கமாக வைத்தோம். ஒன்றில் முழுப்பெயரும் ஒரே கட்டத்தில். இன்னொன்றில் முதலெழுத்து தனியாக. ஒரு பிரிவு ஆளை விண்ணப்ப எண்ணால் அடையாளம் காண்கிறது, மற்றது தொலைபேசி எண்ணால். பிறந்த தேதியை ஒருவர் நாளில் தொடங்கினால் இன்னொருவர் மாதத்தில் தொடங்குகிறார். ஒரே மனிதர் மூன்று பேராக இருந்தார். 'நடப்புப் பயனாளி' என்றால் யார் என்பதில் மட்டும் ஒரு முழுப் பிற்பகல் போனது. பணம் பெறுபவர் என்றது ஒரு பிரிவு. பெயர் நீக்கப்படாதவர் என்றது இன்னொன்று. அவரவர் வேலைக்கு இரண்டுமே சரி. எந்தத் தரவுக்கு எந்தப் பிரிவு பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அங்கே மென்பொருளைப் பற்றிப் பேசவே முடிந்தது. எஸ்டோனியா 2001-இல் தொடங்கிய எக்ஸ்-ரோடு முறை இதற்கு நல்ல முன்மாதிரி. தரவை ஓரிடத்தில் கொட்டிவைப்பதில்லை. அவரவரிடமே இருக்கும், தேவைப்படுபவர் பாதுகாப்பான வழியில் கேட்டுப் பெறுவார். ஒரே தரவைத் திரட்டத் தனித்தனித் தரவுத்தளங்கள் அமைப்பதற்கு அங்கே சட்டமே தடை விதிக்கிறது.

தடிமனான 'தொழில்நுட்பக் கட்டமைப்பு' ஆவணங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. எழுதித் தந்த ஆலோசகர் போனதும் யாரும் திறப்பதில்லை. ஆனால் எந்தப் பிரிவில் எந்த மென்பொருள் ஓடுகிறது, எது எதோடு இணைகிறது என்று காட்டும் வரைபடமே இல்லாமலும் முடியாது. அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. சுமார் 17 கோடி டாலர் செலவழித்த வழக்குக் கோப்பு மென்பொருளை 2005-இல் கைவிட்டது. மாறிக்கொண்டே இருந்த தேவைகளோடு, இத்தகைய வரைபடம் இல்லாததையும் தணிக்கை ஒரு காரணமாகக் காட்டியது. எனவே ஒருவரே மாதாமாதம் திருத்தக்கூடிய அளவுக்கு மெல்லியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிவுகள் முரண்டு பிடிப்பதற்கு நியாயமும் இருக்கிறது. மையப் பிரிவிடம் ஒப்படைத்தால் கோரிக்கை வரிசையில் நின்றே காலாவதியாகும் என்பது அவர்களின் அனுபவம். உள்நுழைவு அடையாளம், வலையமைப்பு, பாதுகாப்பு, தரவுப் பரிமாற்றம் ஆகியவற்றை மட்டும் பொதுவாக்குங்கள். ஆய்வகத்துக்கோ களப்பணிக்கோ உரிய சிறப்பு மென்பொருளை அவர்களிடமே விடுங்கள். திட்டப் பிரிவு 15 வேலை நாட்களுக்குள் பதில் தராவிட்டால் ஒப்புதல் கொடுத்ததாகவே கருதப்படும் என்று விதியிலேயே எழுதுங்கள். எங்கள் பிரிவிலேயே இதற்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது. ஆனால் மற்றப் பிரிவுகள் கோப்பை மறைக்காமல் அனுப்பத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

உங்கள் கையில் எந்த அதிகாரமும் இல்லையென்றால், ஒப்பந்த முடிவுத் தேதிகளின் பட்டியலைத் தயாரிப்பதில் தொடங்குங்கள். அதை நிறுவனத் தலைவரிடம் கொண்டுபோக வேண்டாம். நிதி அதிகாரியிடம் காட்டுங்கள். ஒரே மென்பொருள் உரிமத்துக்கு இரண்டு இடங்களில் பணம் போவதைப் பார்த்தால், அடுத்த கூட்டத்தை அவரே கூட்டுவார்.