ஐஎஸ்ஓ 800 பூட்டைக் கழட்டுங்க

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன வாரம் வேடந்தாங்கல் போயிருந்தேன், வானம் பூரா மேகம். என்கிட்ட இருக்கறது க்ராப் சென்சார் (ஒளி வாங்கற சென்சார் சின்னதா இருக்கற) கேமரா, 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ். ஐஎஸ்ஓ (கேமரா படத்தை எவ்ளோ தூக்கிக் காட்டணும்ங்கற எண்) 800க்கு மேல போனா நாய்ஸ் வந்துரும்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னதால அதுலயே வெச்சிருந்தேன். பறக்கற நீர்க்காகத்தை 1/2000 வினாடி ஷட்டர்ல எடுத்தா கன்னங்கரேல்னு வருது, லைட்ரூம் சாஃப்ட்வேர்ல வெளிச்சத்தைத் தூக்கினா உடம்பெல்லாம் புள்ளி புள்ளியா நாய்ஸ். 1/400க்கு இறக்கினா றெக்கை கலங்கிடுது. பெரிய சென்சார் இருக்கற ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கினாத்தான் தீருமா?

தம்பி, வணக்கம்.

கேமரா மாத்தவேண்டாம், அந்த 800ங்கற பூட்டைக் கழட்டினா போதும்.

நாய்ஸ் முக்கியமா வெளிச்சம் பத்தாததாலதான் வருது. தூறல் ஆரம்பிக்கறப்ப முற்றத்துல ஒரே மாதிரி கிண்ணங்களை வரிசையா வெச்சுப் பாருங்க, ஒண்ணுல அஞ்சு சொட்டு விழுந்திருக்கும் பக்கத்துல ஒம்போது இருக்கும், அதையே அடைமழைல வெச்சா எல்லாத்துலயும் ஏறக்குறைய சமமா நிக்கும். பிக்சல் மேல ஒளித்துகள் விழறதும் இப்படித்தான், கம்மியா விழுந்தா ஒரு பிக்சலுக்கும் அடுத்ததுக்கும் ஏத்த இறக்கம் தெரியும், அதைத்தான் நாம நாய்ஸ்னு பாக்கறோம். உள்ள எவ்ளோ வெளிச்சம் வருதுங்கறது ஷட்டர், அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரம்) கையில இருக்கு, ஐஎஸ்ஓ வந்து சேர்ந்ததைத் தூக்கிக் காட்டுது, அவ்ளோதான்.

உங்க படத்தையே எடுத்துக்கங்க. 1/2000, அப்பர்ச்சர் எஃப் 6.3 (இந்த எண் சின்னதானா துவாரம் பெருசு), மேகமூட்டம், கறுப்புப் பறவை, இதுக்கு ஐஎஸ்ஓ 3200 வேணும். நீங்க 800ல எடுத்துட்டு மிச்ச 2 ஸ்டாப்பை (ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு) லைட்ரூம்ல தூக்கறீங்க, அப்படின்னா சென்சார்ல விழுந்த வெளிச்சம் ரெண்டுலயும் ஒண்ணுதான், நாய்ஸ் ஒரு துளி கூட குறையாது. நிறைய கேமராவுல, குறிப்பா பழசுல, 800ல எடுத்துத் தூக்கினதுதான் இன்னும் மோசமா இருக்கும், ஏன்னா கேமராவோட எலக்ட்ரானிக்ஸ் போடற நாய்ஸையும் சேர்த்துத் தூக்கறோம். புது கேமராக்கள் பலதுல ரெண்டும் கிட்டத்தட்ட சமமா வரும்.

அதனால மேனுவல் மோட், 1/2000, லென்ஸ் முழுசா திறந்து, ஐஎஸ்ஓவை கேமராவே முடிவு பண்ற ஆட்டோ ஐஎஸ்ஓ போடுங்க. ஆனா அப்படியே விட்டுடாதீங்க, நீர்க்காகத்துக்குப் பின்னாடி வெள்ளை வெளேர்னு வானம் இருக்கறதால வெளிச்சத்தை அளக்கற மீட்டர் ஏமாந்து பறவையை இருட்டாக்கிடும், அதை நாமளே திருத்தற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1, தேவைப்பட்டா +1.5 வரைக்கும் தள்ளுங்க. 4000, 5000னு காட்டினாலும் பதறாதீங்க. அங்க இருக்கற நீர்க்கடம்பு மரத்துல இருட்டான இலைக்கு நடுவுல கொக்கு உக்காந்திருந்தா இதுக்கு நேர் எதிர், -1 போடணும், இல்லன்னா வெள்ளை பர்ன் ஆகி, அதாவது வெளிச்சம் மிஞ்சி வெளுத்துப் போய், இறகு ஒண்ணும் மிஞ்சாது. ஐஎஸ்ஓ ஏத்தறதுல எனக்கு இருக்கற ஒரே பயம் இந்த வெள்ளைதான். உக்காந்திருக்கற பறவைக்கு 1/2000 எதுக்கு, 1/500 போதும், ஐஎஸ்ஓ தானா இறங்கிடும்.

இப்ப ஃபுல் ஃப்ரேம். கரையில அதே இடத்துல நின்னு அதே 600ல எடுத்தா சென்சார் மேல பறவை விழற அளவு மாறவே மாறாது, சுத்தி வானம்தான் அதிகமா வரும், அதையும் நீங்க வெட்டிடுவீங்க. சென்சார்ல பறவை இருக்கற இடத்துல விழுந்த வெளிச்சம் அதேதானே, பல ஆயிரம் குடுத்து எதுக்கு? எஃப் 4 லென்ஸ் இருந்தா நிஜமாவே 2.5 மடங்கு வெளிச்சம் வரும், ஆனா 600ல அது பல லட்சம். காசில்லாத வழி க்ராப்பை, அதாவது எடுத்த படத்தை வெட்டறதை, குறைக்கறது, அகலத்துல பாதியா வெட்டினா முக்கால்வாசி வெளிச்சம் குப்பைக்குப் போகுது. தூரத்துக் கூட்டை விட்டுட்டு கரையோரமா வர்ற பறவையா பார்த்து நில்லுங்க, கூட்டுப் பக்கம் மட்டும் நெருங்கவே கூடாது.

படத்தை ரா (RAW) ஃபைலா, அதாவது கேமரா பதப்படுத்தாத ஃபைலா எடுங்க. லைட்ரூம்ல 2023ல வந்த டீநாய்ஸ் வசதி ஐஎஸ்ஓ 6400ஐக் கூட நல்லாவே சுத்தம் பண்ணுது, ஆனா 1/400ல கலங்கின றெக்கையை அதால மீட்க முடியாது. சோதிச்சுப் பாக்கணும்னா மேகமா இருக்கறப்ப மொட்டை மாடியில காக்காயை 1/2000லயே 800ல ஒண்ணு, 3200ல ஒண்ணு எடுத்து, முதல் படத்தை 2 ஸ்டாப் தூக்கி, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரா ஃபைல் ரெண்டையும் எனக்கும் அனுப்புங்க.